முக்கால் தட்டு

நோயாளி தேவைப்படாமலேயே ஒரு நோயாளியை முழுமையாகப் பராமரிக்க முடியும் என்று மனித குலத்துக்கு முதன்முதலில் நிரூபித்துக் காட்டியவன் நான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. ஆவணம் இருக்கிறது. மார்ச் ஒன்பதாம் தேதி மாலை ஐந்தரை மணிக்குப் பதினான்காம் அறையில் இர்யா சால்மெலா, வயது தொண்ணூற்றொன்று, இரவு உணவில் முக்கால் பங்கு சாப்பிட்டார். இருநூற்று நாற்பது மில்லி ஆப்பிள் சாறு குடித்தார். ஆறு மணிக்கு இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கப்பட்டார். மனநிலை: இனிமை. முதல் கவளம் உள்ளே போனபோது அவர் இறந்து குறைந்தது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

இந்த நிலையை நான் ஒரே நாளில் எட்டிவிடவில்லை. அதற்கும் பயிற்சி தேவைப்பட்டது.

எங்கள் ஊர்க் கல்லூரியில் செவிலியர் படிப்புக்கு ஒரு விதி உண்டு. இரண்டாம் பருவத்துக்குப் போவதற்குள் செவிலி உதவியாளர் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அதாவது நாளைக்கு ஊசி போடப் போகிறவன் இன்றைக்குப் பீத்துணி மாற்றிக் காட்ட வேண்டும். உடற்கூற்றியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. இருநூற்றாறு எலும்பையும் கால் விரலிலிருந்து தொடங்கித் தலை வரை சொல்வேன். விமானம் ஓட்டப் படிக்கிறவனை யாராவது முதலில் விமான நிலையக் கழிவறையைக் கழுவிவிட்டு வா என்பார்களா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். அந்தக் கழிவறைக்கு விமானியும்தான் போவான் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கையுறைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

பயிற்சி கல்லூரி அடித்தளத்தில் நடந்தது. நோயாளி ஒரு பிளாஸ்டிக் மனிதர். அவருக்கு வலது கை கழன்று போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. பல் தேய்ப்பது, சிறுநீர் அளப்பது, படுத்திருப்பவரை எழுப்பாமலே விரிப்பை மாற்றுவது என்று இருபத்திரண்டு வேலைகள். எந்த வேலையாக இருந்தாலும் தலையும் வாலும் ஒன்றுதான். கதவைத் தட்ட வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். முடித்துவிட்டுக் கிளம்பும்போது அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும், பிறகு கை கழுவ வேண்டும். நடுவில் அற்புதமாக வேலை செய்திருந்தாலும் மணியை மறந்தவன் தேர்வில் தோற்றான்.

பிளாஸ்டிக் மனிதரின் வலப்பக்கம் நான் மணியை வைத்தபோது பயிற்சியாளர் முகம் மாறாமல், அவருக்கு அந்தப் பக்கம் கை இல்லையே என்றார். இந்தப் பக்கம் மட்டும் உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. என் வாழ்க்கையில் பல தவறுகள் வகுப்பு சிரித்ததால் நடந்தவை.

அந்த வாரமே கல்லூரி உணவகத்தில் சோடா இயந்திரத்தின் முன் நின்று கதவைத் தட்டுவதுபோல் அதன் கண்ணாடியைத் தட்டினேன். வணக்கம், என் பேர் ஆர்லோ, நான் உங்க செவிலி உதவியாளர், இப்ப உங்க வயித்துலேர்ந்து ஒரு ஆரஞ்சு சோடா எடுக்கப் போறேன், வலிச்சா சொல்லுங்க என்றேன். எடுத்த பிறகு ஒரு ஸ்ட்ராவை அதன் நாணயத் துளைக்குப் பக்கத்தில் செருகி, ஏதாவது வேணும்னா இந்த மணிய அடிங்க என்று சொல்லிக் கைகளை இருபது விநாடி காற்றில் கழுவினேன். மூன்று மேசைகள் எழுந்து நின்று கை தட்டின. அதன் பிறகு ஒரு மாதம் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் எதையாவது தட்டினார்கள்.

சான்றிதழ்த் தேர்வுக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும். அதுவரை பயிற்சி உதவியாளராக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கலாம், யாராவது மேற்பார்வை செய்தால். நான் சேர்ந்த இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரில் ஒரு மரமும் ஒரு காட்சியும் வரும். மரத்தை இல்லம் கட்டும்போதே வெட்டிவிட்டார்கள். காட்சி என்பது கார் நிறுத்துமிடமும், அதற்குப் பின்னால் எங்கள் தாத்தாமார் தோண்டிப்போட்ட இரும்புச் சுரங்க மண்மேடும். மினசோட்டா மாநிலத்தின் இந்த மூலையில் ஏப்ரல் வரை அதன் மேலும் பனிதான்.

மாலை நேர வேலை, இரண்டு மணி முதல் பத்து மணி வரை. இருபத்தேழு பேரைப் பார்த்துக்கொள்ள மூன்று உதவியாளர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மூன்றாவது ஆளை நான் அந்தச் சுவரில் மட்டுமே பார்த்திருக்கிறேன். மீதி இருந்தது நானும் ப்ரென்னா வுகெலிச்சும். என்னை மேற்பார்வை செய்ய வேண்டியவள் ப்ரென்னா. அவள் பதின்மூன்று பேரைக் குளிப்பாட்டி, கழுவி, ஊட்டி, படுக்கவைத்துக்கொண்டே என்னை மேற்பார்வை செய்தாள். நான் மீதிப் பதினான்கு பேரை மேற்பார்வையின் கீழ்த் தனியாகப் பார்த்துக்கொண்டேன்.

ப்ரென்னா பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. பெண்கள் ஹாக்கி அணியில் கோல் காத்தவள். அவளைத் தாண்டிப் போன கோல்களைவிட அவளிடம் திட்டு வாங்காமல் போன ஆட்கள் குறைவு. ஆறு வருடமாக அங்கே உதவியாளர் வேலை. நான் படித்த அதே கல்லூரிக்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்றாவது முறை இடம் கிடைத்திருந்தது. செப்டம்பரில் சேர வேண்டும். அந்தக் கடிதத்தைத் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். சட்டை மாற்றும்போதெல்லாம் அதைப் படிப்பாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. காலேஜு என்றுதான்.

"காலேஜு, ஏழாம் நம்பர்ல கட்டில் நனைஞ்சிருக்கு. எலும்பு பேரெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம், வா."

செய்த வேலையையெல்லாம் பதிவு செய்யக் கூடத்துச் சுவரில் ஒரு தொடுதிரை இருந்தது. உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டும். எனக்கு அடுத்த வாரம் தருகிறேன் என்று நிர்வாகி கர்ட்டிஸ் எங்கப்ரெட்சன் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை ப்ரென்னாவின் கடவுச்சொல்லில் பதியச் சொன்னார். வாயால்தான் சொன்னார். அப்படிப்பட்டவற்றை அவர் எழுத்தில் தருவதில்லை.

ப்ரென்னா பதிவு செய்யும் விதம் கற்காலம். கை துடைக்கும் காகிதம் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பாள். ஒவ்வொரு அறையிலிருந்து வெளியே வரும்போதும் அதில் கிறுக்குவாள். பத்து மணிக்கு வேலை முடிந்ததாக வருகை அட்டையை இயந்திரத்தில் தட்டிவிட்டு, அதற்குப் பிறகு நின்றபடியே அந்தக் காகிதத்தைப் பார்த்துத் திரையில் ஏற்றுவாள். நான் அந்தக் காகிதத்தைப் புனித சாசனம் என்று அழைத்தேன்.

நான் அறிவியல் முறையைக் கடைப்பிடித்தேன். சாப்பாட்டுக்குத் திரையில் ஐந்து பொத்தான்கள்: ஒன்றுமில்லை, கால், அரை, முக்கால், முழுசு. முழுசு என்றால் யாரும் நம்பமாட்டார்கள், அந்தச் சாப்பாட்டை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். அரை என்றால் உணவு நிபுணருக்குத் தகவல் போகும், அவர் உங்களைக் கேள்வி கேட்பார். முக்கால் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த நாட்டின் முதியோர் அத்தனை பேரும் முக்கால் தட்டு சாப்பிட்டுத்தான் உயிர் வாழ்கிறார்கள். மேலும் அந்தத் திரை நேரத்தைப் பற்றி அக்கறைப்படுவதில்லை என்பதையும் கண்டுபிடித்தேன். மூன்று மணிக்கே ஐந்தரை மணிச் சாப்பாட்டைப் பதியலாம், எட்டு மணிக்குத் திருப்பிப் படுக்கவைத்ததைப் பதியலாம். பதினான்கு பேரின் முழு மாலையும் எனக்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. அந்தப் பதினொரு நிமிடத்தைப் பற்றி ப்ரென்னாவிடம் பெருமையாகச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எனக்கு அவ்வளவு அறிவாவது இருந்தது.

பதினான்காம் அறை என் பக்கம். இர்யா சால்மெலா முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரும் அவர் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்த பார்வையை மறந்திருக்கமாட்டார்கள். முதல் நாளே என் குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டு, உங்கப்பன் கடைசி சீட்டுல உக்காந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்தான், நீயும் அந்த வம்சந்தானே என்றார்.

அவர் மணி அடிப்பார். மணி என்றால் கட்டிலோடு ஒரு ஒயர், ஒயர் முனையில் ஒரு பொத்தான். அழுத்தினால் கதவுக்கு மேலே விளக்கு எரியும், கூடத்தில் சத்தம் கேட்கும். ஓடிப்போய் என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார். மறுபடி அடிப்பார். ஒரு மாலையில் இருபத்திரண்டு முறை எண்ணியிருக்கிறேன். ஒருமுறை, ஒன்றும் வேண்டாமென்றால் ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"அடிச்சா ஆள் வருதான்னு பாத்தேன். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக் புடிக்குதான்னு பாக்க மாட்டியா?"

இதை உணவகத்தில் நடித்துக் காட்டியபோதும் நல்ல சிரிப்பு.

மார்ச் ஒன்பதாம் தேதி பனி கொட்டியது. இரண்டிலிருந்து இரண்டே முக்காலுக்குள் இர்யா ஆறு முறை அடித்தார். ஆறு முறையும் ஒன்றும் வேண்டாம். ஏழாவது முறை அடித்தபோது நான் ஒன்பதாம் அறையில் ஒரு மனிதரை நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரை உட்காரவைத்துவிட்டுப் போனேன். கதவைத் தட்டவில்லை. பெயர் சொல்லவில்லை. போர்வையில் செருகியிருந்த மணியைக் கழற்றி, தலைமாட்டு விளக்கின் கொக்கியில், அவருடைய கைக்கு ஒன்றரை முழம் மேலே மாட்டினேன். இர்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். மனதுக்குள் சொல்லியிருக்கவும் கூடும்.

பிறகு மூன்று மணிக்குத் திரைக்குப் போய் அந்த மாலை முழுவதையும் நடத்தி முடித்தேன். பதினான்காம் அறைக்கு முக்கால் தட்டு. மனநிலைக்கு நான்கு பொத்தான்கள் இருந்தன, இனிமையை அழுத்தினேன்.

நாலரை மணி தாண்டி ப்ரென்னா கை நிறைய அழுக்கு விரிப்புகளோடு கூடத்தில் நின்றாள்.

"பதினாலு ஏன் சத்தமே இல்ல?"

தூங்குகிறார் போலிருக்கிறது என்றேன். அவள் விரிப்புகளை அங்கேயே தரையில் போட்டுவிட்டு நடந்தாள். ஆறு வருடத்தில் அவள் விரிப்பைத் தரையில் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

பணியில் இருந்த செவிலியர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். இதயமாக இருக்கும், தூக்கத்திலேயே போயிருப்பார், தொண்ணூற்றொரு வயது, நல்ல சாவு என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். தூக்கத்தில் போனவர் ஏன் தலையணையிலிருந்து சரிந்து, வலக்கை விரிந்து, தலைமாட்டுப் பக்கம் நீண்டு கிடந்தார் என்று யாரும் கேட்கவில்லை. செவிலியருக்கு அதற்கு நேரமில்லை, அவர் ஒருவரே இரண்டு கூடங்களைப் பார்க்க வேண்டும். நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும்.

திரைக்கு ஓடினேன், அழிக்க. இறந்தவரின் கோப்பு பூட்டப்பட்டிருந்தது. எதிர்காலத்தைப் பற்றி எதுவும் கேட்காத அந்தத் திரை கடந்த காலத்தை மட்டும் தொடவிடவில்லை.

உடலைக் கழுவ ப்ரென்னா என்னைக் கூப்பிட்டாள். திறந்தே கிடந்த கதவை அவள் தட்டினாள். "இர்யா, நான் ப்ரென்னா. ஆர்லோவும் கூட வந்திருக்கான். உங்களைக் கழுவி நல்ல கவுன் போட்டு விடறோம்" என்றாள். அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை. அதுவும் என்னிடம் இல்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யாரிடம் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் துணியை நனைத்தாள். முகம், கழுத்து, கை. விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கும்போது நிமிர்ந்தாள்.

"மணிய எங்கடா வச்ச?"

நான் விளக்கைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எட்டி அதைக் கொக்கியிலிருந்து எடுத்து இர்யாவின் கைக்குப் பக்கத்தில் போர்வையில் செருகினாள். அவர்தான் போய்விட்டாரே, இனி எதற்கு என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது.

"இதக் கேக்க ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றாள்.

பத்து நாளில் டுலூத் நகரத்திலிருந்து இர்யாவின் மகள் அம்மாவின் கோப்பை வாங்கிப் படித்தார். செத்தவள் சாப்பிட்ட முக்கால் தட்டைவிட இன்னொன்று அவர் கண்ணில் முதலில் பட்டதாம். எங்கம்மா தொண்ணூத்தொரு வருஷத்துல ஒரு நாள்கூட இனிமையா இருந்ததில்ல, யார் இத எழுதினது என்று மாநில அரசுக்குப் புகார் கொடுத்துவிட்டார்.

யார் எழுதியது என்பதற்குத் திரை தயாராகப் பதில் வைத்திருந்தது: ப்ரென்னா வுகெலிச். வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பொய்ப்பதிவு, கவனிப்பில் அலட்சியம். நிரூபணமானால் செவிலி உதவியாளர்களின் மாநிலப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக அதை எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டவளை இந்த மாநிலத்தில் எந்த இல்லமும் மருத்துவமனையும் உள்ளே விடாது. அலமாரிக் கதவில் ஒட்டிய கடிதமும் வெறும் காகிதம்.

எங்கப்ரெட்சன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அந்த வாரம் உதவியாளர்களைப் பாராட்டும் வாரம். மேசைமேல் பீட்சா இருந்தது. அந்த மனிதர் ஆள் கேட்டால் பீட்சா தருவார். கையுறை தீர்ந்துவிட்டது என்றால் பீட்சா தருவார். மூன்றாவது உதவியாளரை நாங்கள் துண்டு துண்டாகத் தின்று தீர்த்துவிட்டோம் என்று நினைக்கிறேன். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆரம்பித்தார். தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை நகர்த்தினார். அதில் இப்படி இருந்தது: நான் முழு நேரமும் ப்ரென்னாவின் மேற்பார்வையில் இருந்தேன், பதிவுகள் எல்லாம் அவளே செய்தாள், எனக்கு எதுவும் தெரியாது. கீழே நான் கையெழுத்துப் போடக் கோடு. என் பெயரைப் பிழையில்லாமல் அடித்திருந்தார். கடவுச்சொல் கொடுக்க மூன்று வாரம் போதாத மனிதர் இதற்கு ஒரே மதியம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பெரிய எதிர்காலம் இருக்குப்பா. அவ இந்த வேலைலேயே இருக்கப்போறவ. வேற எடம் பாத்துக்குவா" என்றார்.

கத்தியிருக்கலாம். அந்தப் பீட்சாவை அவர் சட்டையில் ஒட்டியிருக்கலாம். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்தேன். யோக்கியனுக்கு இதை யோசிக்க இரண்டு நாள் ஆகாது என்பதையும் சேர்த்தே யோசித்தேன். எனக்கு வந்த கோபம் முதலில் எங்கப்ரெட்சன் மேல். பிறகு கல்லூரி மேல், திரை மேல், வராத மூன்றாவது ஆள் மேல். ஒரு பெரிய வட்டம் சுற்றிக் கடைசியில் அது என்னிடமே வந்து நின்றது.

திங்கட்கிழமை கார் நிறுத்துமிடத்தில் ப்ரென்னா தன் அலமாரிச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடிதம். திரையில் பதிந்தது நான்தான் என்று, விசாரிக்க வரும் மாநில ஆய்வாளரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலும். அவள் வண்டிக் கதவை மூடினாள்.

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும் காலேஜு. திரையப் பத்திச் சொல்லுவ, பாஸ்வேர்டப் பத்திச் சொல்லுவ. பாவம் பையன், ஆள் இல்லாத எடத்துல மாட்டிக்கிட்டான்னு எல்லாரும் சொல்லுவாங்க. முக்கால்வாசி சொல்லுவ. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்கன்னு ஒனக்குத் தெரியும்."

வண்டி போன பிறகும் அந்த இடத்திலேயே நின்றேன். நான் மனதில் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தில் நான்கு பத்தி இருந்தது. நன்றாகவே எழுதியிருந்தேன். அதில் மணி இல்லை.

மாநில ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை காலை வந்தார். பனிக்காலணியிலிருந்து தண்ணீர் சொட்ட, சாப்பாட்டு அறை மேசையில் தன் சொந்தக் காபிக் குடுவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாள். பீட்சா வேண்டாம் என்றார். எங்கப்ரெட்சன் அடித்த காகிதத்தையும் நான் கையால் எழுதிய இரண்டு தாள்களையும் அவர் முன் வைத்தேன். முதல் தாளில் பதினொரு நிமிடம், கடவுச்சொல், பதினான்கு பேர், வராத மேற்பார்வை. இரண்டாவது தாளில் ஒரே விஷயம்: இரண்டே முக்கால் மணிக்கு, எரிச்சலில், இர்யா சால்மெலாவின் மணியை அவர் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பப் போகவில்லை. அவருடைய கை அந்தப் பக்கம் நீண்டிருந்தது.

ஆய்வாளர் இரண்டாவது தாளை இரண்டு முறை படித்தார். யாராவது எழுதச் சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இதன் நகல் கல்லூரிக்கும் இர்யாவின் மகளுக்கும் போகும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ப்ரென்னாவின் கோப்பை எடுத்து, கடவுச்சொல் கொடுத்ததற்கு எச்சரிக்கை மட்டும் என்று ஒரு வரி எழுதி மூடி வைத்தார். பிறகு மடிக்கணினியில் என் பெயரைத் தேடினார். வெகு நேரம் தேடினார்.

"உங்க பேர் பதிவேட்டுலயே இல்லையே. நீங்க இன்னும் தேர்வு எழுதல. இல்லாத பேருக்கு நேரா நான் எத எழுதறது?"

மன்னிக்க வேண்டும் என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு கிழவியின் கையிலிருந்து மணியைப் பிடுங்கியவனைத் தண்டிக்க வேண்டுமானால் அரசாங்கம் முதலில் அவனுக்குச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். ஆய்வாளர் இந்த நிலைமையைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் முதன்முறையாக யாரும் சிரிக்காததில் ஒரு நிம்மதி அடைந்தேன். அவர் எங்கப்ரெட்சனை அழைத்து, கடந்த மூன்று மாதமும் எந்த மாலை எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்ற தாள்களைக் கேட்டார். அந்த மனிதரின் கழுத்து சிவப்பதைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த அளவு சந்தோஷம் வரவில்லை.

ஒரு மணிக்கு எங்கப்ரெட்சன் என்னைக் கூடத்தில் பிடித்தார். குடும்பம் என்ற சொல் வரவில்லை. நான் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டேன், நாளையிலிருந்து. ஏன் நாளையிலிருந்து என்று கேட்டேன்.

"இன்னிக்கு ஆள் இல்ல. வுகெலிச்ச நாளைக்குக் காலைலதான் வரச் சொல்லியிருக்கு. பத்து மணி வரைக்கும் இருந்துட்டுப் போ. நாலு மணிக்குப் பதினாலுக்குப் புது ஆள் வர்றாங்க, படுக்கைய ரெடி பண்ணு."

கல்லூரியிலிருந்து மதியமே மின்னஞ்சல் வந்திருந்தது. தலைப்பை மட்டும் படித்தேன். தலைப்பே போதுமானதாக இருந்தது.

மூன்றரை மணிக்கு விரிப்புகளை எடுத்துக்கொண்டு பதினான்காம் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கழுவித் துடைத்த வெறும் மெத்தை. ஜன்னலுக்கு வெளியே கார்கள், மண்மேடு, பனி. கூடத்தில் யாரும் இல்லை. அன்றைக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டிருந்த பெண் மறுகோடியில் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

கதவைத் தட்டினேன்.

என் பெயரைச் சொன்னேன். படுக்கை விரிக்கப் போகிறேன் என்றேன். கட்டிலைச் சுற்றித் தொங்கும் மறைப்புத் துணியை இழுத்தேன். விரிப்பை மூலையில் சுருக்கமில்லாமல் செருகினேன், முதுகுக்குக் கீழே ஒரு மடிப்பு இருந்தால் இரண்டு நாளில் புண் வரும். தலையணை உறை மாற்றினேன். விளக்கின் கொக்கியைத் திருகிப் பார்த்தேன். கழலவில்லை. என் கார்ச் சாவியை நுழைத்து நெம்பி வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மணியை எடுத்து ஒருமுறை அழுத்தினேன். கதவுக்கு மேலே விளக்கு எரிந்தது. கூடத்தில் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். நான்கு நிமிடம். ஆறு நிமிடம். ஒன்பது நிமிடம் வரை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். யாரும் வரவில்லை.

விளக்கை நானே அணைத்தேன். வரப்போகிறவருக்கு எந்தக் கை வலுவான கை என்று வாசலில் ஒட்டியிருந்த தாளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடக்கை. மணியைத் தலையணையின் இடப்பக்கம், படுத்தால் விரல் படும் இடத்தில் செருகினேன். பிறகு குழாயைத் திறந்து கை கழுவினேன்.